சனிக்கிழமை மதுரைக்கு யாரு யாரு வாறீங்க?

குழு: செல்லையா தாத்தா வீட்டு ஆளுங்க

கார்த்தி: தனித்தனியா போன்ல சொல்ல முடியல, அதான் இங்க போடுறேன். அப்பாவுக்கு இனி மாத்திரையால ஆகாதுன்னு மதுரைல சொல்லிட்டாங்க. கல்லீரல் மாத்தணுமாம். சனிக்கிழமை காலைல வீட்டு ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லிருக்காங்க. யாரு யாரு வாறீங்க?

பாக்கியம் அத்தை: அய்யோ முருகேசா

பாக்கியம் அத்தை: போன வாரம் கூட நல்லாத்தான பேசுனான்

ரேவதி: எங்க நல்லா பேசுனாங்க அத்தை. என்னைய ஆச்சி பேரச் சொல்லி கூப்பிட்டாங்க. செருப்ப எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சாங்க.

சுதா மதினி: அது அம்மோனியா ஏறுறது. கல்லீரல் வேலை செய்யாட்டா மூளை வரைக்கும் போயிரும். லாக்டுலோஸ் மருந்து குடுக்கீங்களா? தெனம் ரெண்டு மூணு தடவ வெளிய போகுதான்னு பாத்துக்கோங்க

மாரியப்பன் மாமா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து 48 நாள் வெறும் வயிற்றில்...

சுதா மதினி: இந்த நேரத்துல அதெல்லாம் எதுவும் குடுத்துராதீங்க ப்ளீஸ்

மாரியப்பன் மாமா: சும்மா தகவலுக்கு

ஜெயா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரவீன்: அத்தை நான் படிச்சிட்டேன்

கார்த்தி: நானும் படிச்சேன். அப்பா குடிக்க மாட்டாங்க சித்தி. சுகர், அதுல கொழுப்பு படிஞ்சு படிஞ்சு கல்லீரல் சுருங்கிருச்சு. டிஸ்சார்ஜ் சம்மரிலயே இருக்கு

ஜெயா சித்தி: பொதுவாத்தான் கேட்டேன்

பாக்கியம் அத்தை: கவிதா கல்யாணத்துல குடிச்சான்ல

பிரவீன்: அம்மா

கார்த்தி: அது ஒரு நாள்

செல்வம் அத்தான்: சரி யாரு குடுக்கிறது? நான் ரெடி. ஓ பாசிட்டிவ்.

சுதா மதினி: எல்லாரும் பொறுமையா படிங்க. மூளைச்சாவு ஆனவங்க கல்லீரலுக்கு ட்ரான்ஸ்டான்ல, அதான் உறுப்பு தானத்துக்கான தமிழ்நாடு அரசாங்க அமைப்புல, பதிஞ்சு வைக்கலாம், பதியத்தான் வேணும், ஆனா எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. மாமாவுக்கு மெல்ட் ஸ்கோர், அதாவது கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற நம்பர், 24னு கார்த்தி சொன்னான், அது 40 வரைக்கும் போற கணக்கு, ஏற ஏற ஆபத்து. அதான் வீட்டுலயே யாராவது ஒரு பகுதி குடுக்கிறதப் பத்தி பேசக் கூப்பிடுதாங்க. வாங்கிக்கிறது பெரிய ஆளுன்னா பெரும்பாலும் வலது பக்கம், கிட்டத்தட்ட 60 சதவீதம் எடுப்பாங்க, பித்தப்பையும் சேத்து போயிரும், குடுக்கிறவங்க உடம்புல கொறஞ்சது 30, 35 சதவீதம் மிஞ்சணும். அந்த மிச்சம் ரெண்டு மூணு மாசத்துல பழைய அளவுக்கு பக்கத்துல வந்துரும், வெட்டுன துண்டு திரும்ப முளைக்காது, இருக்கிறதே பெருசாகும். 18 வயசு ஆகிருக்கணும், 50, 55க்குள்ள இருக்கணும். மாமா ஓ குரூப்பு, அதனால குடுக்கிறவங்களும் ஓ-வா இருக்கணும், பாசிட்டிவ் நெகட்டிவ் பாக்கிறதில்ல. வேற குரூப்புலயும் இப்ப பண்ணுதாங்க, ஆனா அதுக்குத் தனி மருந்து தனி செலவு. செல்வம் அண்ணே, உங்களுக்கு பெரிய மனசு, ஆனா சட்டத்துல மருமகன் நெருங்கின உறவுல வரமாட்டாரு. புருஷன் பொண்டாட்டி, அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க, அவ்வளவுதான். மத்தவங்கன்னா அரசாங்க கமிட்டி முன்னாடி போயி, காசுக்காகக் குடுக்கலன்னு காட்டி அனுமதி வாங்கணும். முடியாதுன்னு இல்ல, நாளாகும்.

பிரவீன்: இத படிச்சதுல என் ஸ்டாப்ப விட்டுட்டேன்

செல்வம் அத்தான்: மருமகன் உறவே இல்லையா? அப்போ வருஷா வருஷம் பொங்கப்படி எந்தக் கணக்குல தாறாங்க

கவிதா அக்கா: அது மட்டும் கரெக்டா ஞாபகம் இருக்கும். நானும் அம்மாவும் பி குரூப்பு. அப்போ கார்த்தி, ரேவதி ரெண்டு பேருதான்

கார்த்தி: நான் ஸ்கேன் எடுத்தாச்சு. எனக்கே கொழுப்புக் கல்லீரல். 94 கிலோவ குறைச்சிட்டு வா, திரும்பப் பாப்போம்னாங்க

பிரவீன்: தெனமும் நைட்டு பரோட்டா

கார்த்தி: நீ சும்மா இரு

பிரவீன்: இல்ல மாப்ள சீரியஸா. கேரளாவுல ஒரு பொண்ணு, 17 வயசு, ஹைகோர்ட்ல அனுமதி வாங்கி 2023ல அவங்க அப்பாவுக்குக் குடுத்துச்சு. அதுக்கும் கொழுப்பு இருந்து சாப்பாட்ட மாத்தி ஜிம்முக்குப் போயி குறைச்சிருக்கு. உன்னால முடியாதா

ரேவதி: அவன் குறைக்கிற வரைக்கும் அப்பா தாங்கணும்ல. நான் குடுக்கேன். டாக்டர்ட்ட சொல்லிட்டேன்.

பாக்கியம் அத்தை: தை மாசம் கல்யாணத்த வச்சுக்கிட்டா

பாக்கியம் அத்தை: விருதுநகர்க்காரங்க என்ன சொல்லுதாங்க

ரேவதி: யோசிச்சு சொல்றோம்னாங்க

ஜெயா சித்தி: வயித்துல கத்தி வச்ச பொண்ணுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாது பாரு. புள்ள குட்டி பெறணும்

சுதா மதினி: பிள்ளை பெறுறதுக்கு தடை இல்ல அத்தை, ஒரு வருஷம் போல தள்ளிப் போடச் சொல்லுவாங்க. தழும்பு இருக்கும், அத மறைக்க முடியாது. 1998ல டெல்லி அப்போலோல காஞ்சிபுரத்துக் குழந்தை ஒண்ணுக்கு அதோட அப்பா குடுத்தாரு, நம்ம நாட்டுல குழந்தைக்கு மாத்தி ஜெயிச்சது அதுதான் மொதல்ல, அந்தப் பையன் இப்ப டாக்டர்

கவிதா அக்கா: அங்க அப்பா குடுத்தாரு. இங்க எல்லாம் பொண்டாட்டியும் மகளும் அம்மாவும்தான குடுக்காங்க. ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு இருந்துரும்

சுதா மதினி: நான் பாக்குற வார்டும் அப்படித்தான்

கார்த்தி: அக்கா என்னையவா சொல்லுத

கவிதா அக்கா: பொதுவா

ரேவதி: எல்லாரும் பொதுவாவே பேசுங்க. மதினி, எனக்கு என்ன ஆகும்னு அத மட்டும் மறைக்காம சொல்லுங்க

சுதா மதினி: மறைக்க மாட்டேன். பித்தநீர் கசியலாம், கிருமி தொத்தலாம், ரத்தம் கட்டலாம், பின்னாடி குடல் இறக்கம் வரலாம், சிலருக்குத் திரும்பவும் தியேட்டருக்குப் போக வேண்டி வரும். பெரும்பாலும் சரியாகுறதுதான். ஆனா உயிருக்கே ஆபத்தும் இருக்கு, வலது பக்கம் குடுக்கிறவங்கள்ல ஆயிரத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு பேருன்னு சொல்லுதாங்க. உனக்கு எந்த நோயும் இல்ல, ஆபரேஷனால உனக்கு ஒரு லாபமும் இல்ல, அதனால இத சின்ன நம்பர்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாம் நல்லபடியா போனா ஒரு வாரத்துல வீடு, மூணு மாசம் வெயிட்டு தூக்கக்கூடாது, ஆயுசுக்கும் மாத்திரைன்னு எதுவும் இல்ல. மாமாவுக்குத்தான் புதுக் கல்லீரல உடம்பு ஒதுக்கிராம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை கடைசி வரைக்கும், கிருமி ஒண்ணும் அண்டாம பாத்துக்கணும். கல்லீரல் வாங்கிக்கிறவங்கள்ல முதல் வருஷத்த தாண்டுறவங்க 100க்கு 85, 90 பேரு. இன்னொண்ணு, தியேட்டருக்குள்ள போற நிமிஷம் வரைக்கும் வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. தனியா டாக்டர்ட்ட சொன்னா போதும், வீட்டுல எங்ககிட்ட "பொருந்தல"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க

ஜெயா சித்தி: அப்படியும் சொல்லுவாங்களா

ஜெயா சித்தி: அப்போ கார்த்திக்கும் அப்படித்தான் சொன்னாங்களோ என்னமோ

பிரவீன்: அத்தை

கார்த்தி: ஸ்கேன் ரிப்போர்ட்ட இங்க போடட்டுமா சித்தி? சித்தப்பாவுக்கு என்ன குரூப்புன்னு நான் கேட்டனா? யாராவது கேட்டோமா?

பாக்கியம் அத்தை: கணேசனும் ஓ தான். பிரவீன் பொறந்தப்ப கோவில்பட்டி பெரியாஸ்பத்திரில எனக்கு அவன்தான ரத்தம் குடுத்தான்

ஜெயா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரவீன்: இத நான் படிக்கல

மாரியப்பன் மாமா: செலவு எவ்வளவு?

கார்த்தி: 20லருந்து 25 லட்சம் மாமா, அதுக்கப்புறம் மாத்திரை தனி

மாரியப்பன் மாமா: முதல்வர் காப்பீடு இருக்கே

கார்த்தி: வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். கார்டுல என் சம்பளம் நிக்குது. சென்னை ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். இல்லன்னா கிணத்தடி நிலம்தான்

கவிதா அக்கா: அது கூட்டுப் பட்டா

ஜெயா சித்தி: மோட்டார் சண்டையில ஏழு வருஷமா எங்க வாசப்படி மிதிக்கல பெரியத்தான். இன்னைக்கு கல்லீரலுக்கும் இவரு, கையெழுத்துக்கும் இவரு. பள்ளிக்கூடம் போற ரெண்டு பொட்டப்புள்ள எனக்கும் இருக்கு

பாக்கியம் அத்தை: மோட்டார் யாரு காசுல வாங்குனதுன்னு எனக்குத் தெரியும்

பிரவீன்: அம்மா இப்ப மோட்டார் வேண்டாம்

பாக்கியம் அத்தை: அப்பா காசு

கணேசன் சித்தப்பா: (வாய்ஸ் மெசேஜ் 0:52)

பிரவீன்: மாமா பம்புசெட்டு சத்தம்தான் கேக்குது, ஒண்ணும் புரியல

கணேசன் சித்தப்பா: சனிக்கிழம நானும் வாரேன். அண்ணன பாத்து ரொம்ப நாளாச்சு

ரேவதி: சித்தப்பா உங்களுக்கு வயசு 48 தான?

கணேசன் சித்தப்பா: 49 நடக்கு

சுதா மதினி: சுகர், பிரஷர் ஏதாவது உண்டா மாமா? எதுக்கும் காலைல சாப்பிடாம வாங்க, ரத்தம் எடுத்தா எடுப்பாங்க

ஜெயா சித்தி: யாருக்கு ரத்தம் எடுக்கப் போறாங்க?

ஜெயா சித்தி: பாக்கத்தான வாராரு

மாரியப்பன் மாமா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) இரவில் சீரகத் தண்ணீர் குடித்தால்...

பிரவீன்: எட்டுப் பேர் வேன் சொல்லிட்டேன். காலைல 5 மணி, மெயின் ரோட்டுல நிக்கணும். இதுவரைக்கும் ஆறு பேரு. ஜெயா அத்தை நீங்களும் வாறீங்களா?

ஜெயா சித்தி: வராம