முகத்துதியா, நயமா? விக்டோரியா அரசியிடம் டிஸ்ரேலி பேசிய முறை

குறிஞ்சிவாசகி எழுதியது:

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசியல் வரலாற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். பெஞ்சமின் டிஸ்ரேலி, வில்லியம் கிளாட்ஸ்டன் ஆகிய இருவரும் பிரதமர்களாக இருந்தவர்கள்; விக்டோரியா அரசியை ஒரே விளிச்சொற்களால் விளித்து, ஒரே கடித மரபைப் பின்பற்றியவர்கள். முடியாட்சியின் மீது கிளாட்ஸ்டன் ஆழ்ந்த மதிப்புக் கொண்டிருந்தார் என்பதிலும் ஐயமில்லை. அப்படியிருந்தும் அரசி டிஸ்ரேலியை நண்பராகவே கருதினார். கிளாட்ஸ்டனைப் பற்றியோ, பொதுக்கூட்டத்தில் பேசுவதைப் போலத் தம்மிடம் பேசுகிறார் என்று குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. டிஸ்ரேலி செய்தது வெறும் முகத்துதி என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது ஒரு பெண்மணியை மரபு வழுவாமல் விளித்துப் பேசுவதில் அவருக்கென்று தனித்திறன் இருந்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பழையஏடு எழுதியது:

அம்மா, முகத்துதி இருந்ததை டிஸ்ரேலியே மறைக்கவில்லை. புகழ்ச்சி எல்லோருக்கும் பிடிக்கும், அரச குடும்பத்தார் என்றால் கொத்தனார் கரணையை எடுத்து அப்பிப் பூச வேண்டும் என்று கவிஞர் மாத்யூ ஆர்னால்டிடம் அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஆனால் அவர் அரசிக்கு எழுதியவற்றையும் சொன்னவற்றையும் பார்த்தால், பூச்சு மட்டுமே அங்கே இருந்ததாகத் தோன்றவில்லை.

அக்கால மரபுப்படி, அரசிக்குக் கடிதம் எழுதும் அமைச்சர் 'நான்' என்று எழுதக் கூடாது. 'திரு. டிஸ்ரேலி, மாட்சிமை தங்கிய தங்களுக்குத் தம் பணிவான கடமையைச் செலுத்தி' என்ற பாங்கில் தொடங்கி, தம்மைப் படர்க்கையிலேயே குறிப்பிட்டுக்கொண்டு செல்ல வேண்டும். கிளாட்ஸ்டனுக்கு இது அலுவல் முறைமை. நாவலாசிரியரான டிஸ்ரேலிக்கோ தம்மையே ஒரு பாத்திரமாக்கி அரசியின் முன் உலவவிடக் கிடைத்த வாய்ப்பு. 1852-இல் மக்களவை நடவடிக்கைகளைப் பற்றி அரசிக்கு அறிக்கை எழுதும் கடமை அவருக்கு வந்தபோது, அவை அவருடைய நூல்களின் நடையிலேயே இருப்பதாக அரசி வியப்புடன் குறிப்பிட்டார். சட்டகத்தை அவர் மீறவே இல்லை. அதற்குள் நின்றே விளையாடினார்.

1868-இல் அரசி தம் ஸ்காட்லாந்து மலைநாட்டு வாழ்க்கைக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். பல நாவல்களை அதற்கு முன்பே எழுதியிருந்த டிஸ்ரேலி, 'எழுத்தாளர்களாகிய நாம், அம்மணி' என்று பேச்சைத் தொடங்குவாராம். தம்முடன் சரிசமமாக அரசியை அமரவைக்கும் அந்தத் துணிச்சல், அடுத்து வரும் விளியிலேயே பணிவாக மாறிவிடுகிறது. அந்த 'அம்மணி' இல்லையென்றால் அது அதிகப்பிரசங்கித்தனம்; 'எழுத்தாளர்களாகிய நாம்' இல்லையென்றால் வெறும் சம்பிரதாயம்.

1875 நவம்பரில் எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் இஸ்மாயிலிடமிருந்து சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்க, நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், ராத்சைல்டு வங்கி நிறுவனத்திடம் 40 இலட்சம் பவுண்டு கடன் பெற்றார்கள். பங்குகள் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு உரியவை, அரசியின் சொந்தச் சொத்து அல்ல. ஆயினும் டிஸ்ரேலி, 'முடிந்துவிட்டது. அது தங்களுடையது, அம்மணி' என்று எழுதினார். கருவூலம் சம்பந்தப்பட்ட ஒரு கொடுக்கல் வாங்கலைக் காலடியில் வைத்த காணிக்கையாக மாற்றிக் காட்டிய அந்த ஒரு வரியை, கிளாட்ஸ்டன் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் எட்டியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மறுகரை எழுதியது:

ஐயா, தாங்கள் எழுதியதை இரசித்தேன்; ஆனால் இந்த நயத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். 1876-இல் அரசிக்கு இந்தியப் பேரரசி என்ற பட்டத்தை வழங்கும் சட்டத்தை, நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு இருந்தும், டிஸ்ரேலி நிறைவேற்றினார். பட்டத்தை விரும்பி வற்புறுத்தியவர் அரசியே என்பது உண்மைதான். 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி அப்பட்டத்தை ஆரவாரமாக அறிவித்தபோது, சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தின் பிடியில் இருந்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஒரு பெண்மணியை எப்படி அழைப்பது என்ற கேள்வி அரசாங்க நிகழ்ச்சியாக மாறியபோது, அதை நயம் என்று இரசிக்கத் தமிழர்களாகிய நமக்குச் சற்றுத் தயக்கம் வருவது இயல்பு.

தாழ்வாரம் எழுதியது:

மறுகரை அவர்கள் சொன்ன தர்பாரை யாரும் நயம் என்று வாதாட மாட்டார்கள். எனினும் கேள்வி கேட்ட அம்மையார் அறிய விரும்பியது இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை. 1868-இல் கிளாட்ஸ்டன் முதன்முறை பிரதமராகப் போகும் வேளையில், வின்ட்சர் தேவாலயத்தின் தலைவரான வெல்லெஸ்லி, அரசியிடம் எவ்வளவு கனிவு காட்டினாலும் தகும் என்று அவருக்கு எழுதினார். அறிவுரை பயன்படவில்லை. கிளாட்ஸ்டனிடம் மரியாதைக்குக் குறைவே இல்லை. அவர் வணங்கியது அரச பதவியை. 1861-இல் கணவரை இழந்து ஆண்டுக்கணக்கில் துயரத்தில் ஒதுங்கி வாழ்ந்த ஒரு பெண் அந்தப் பதவியில் அமர்ந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை. டிஸ்ரேலியோ, அரசியின் மறைந்த கணவரான இளவரசர் ஆல்பர்ட்டைப் பற்றி மனமுருக எழுதியதிலிருந்தே அரசியின் நம்பிக்கையைப் பெற்றார்.

முகத்துதி செய்பவரால் மறுத்துப் பேச இயலாது. டிஸ்ரேலியால் இயன்றது. 'நான் மறுப்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. சில வேளைகளில் மறந்துவிடுகிறேன்' என்பது அரசியிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி அவரே கூறியதாக வழங்கும் விளக்கம். 1877-78-இல் ரஷ்யா துருக்கியோடு போரிட்ட காலத்தில், ரஷ்யாவுக்கு எதிராக இங்கிலாந்து உடனே கடுமை காட்ட வேண்டும் என்று அரசி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, முடி துறப்பேன் என்றுகூட மிரட்டினார். டிஸ்ரேலி பணிவில் ஓர் எழுத்தும் குறைக்காமல், அவரைப் புண்படுத்தாமல், இங்கிலாந்து போரில் இறங்காதபடி அந்த நெருக்கடியைக் கடந்தார். அந்த மறதிக்குத்தான் அத்தனை காலம் கரணை தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

அவர் இறக்கும் தறுவாயில், அரசி பார்க்க வரட்டுமா என்று கேட்டபோது, 'வேண்டாம், ஆல்பர்ட்டுக்குச் செய்தி கொண்டுபோகச் சொல்வார்' என்றாராம். 1881 ஏப்ரல் 19-இல் அவர் மறைந்ததும், மே மாதத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழியும் பொறுப்பு, அப்போது பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் மீதே விழுந்தது. டிஸ்ரேலி வாழ்ந்த ஊரான ஹியூகெண்டனின் தேவாலயத்தில் அரசி தம் சொந்த விருப்பத்தில் வைத்த நினைவுக்கல்லிலோ, நேர்மையாகப் பேசுபவனை அரசர்கள் நேசிப்பார்கள் என்ற பொருள்படும், விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் வசனம் பொறிக்கப்பட்டது. அதைக் கிளாட்ஸ்டன் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பதற்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும்.