மர அடுக்குத் தொட்டி: மேல்தட்டு காய்கிறது, கீழ்த்தட்டு அழுகுகிறது

கேள்வி – கானாடுகாத்தான்
வணக்கம். இரண்டாம் கட்டு முற்றத்தில் சுவரை ஒட்டி நான்கு தட்டு மரத்தொட்டி வைத்திருக்கிறோம். பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய தேக்குப் பலகையில் ஆசாரி செய்தது. ஒவ்வொரு தட்டும் 4 அடி நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல ஆழம். மேலே ஊற்றும் தண்ணீர் ஓட்டை வழியாகத் தட்டுத் தட்டாக இறங்கும். மேலே புதினா, நடுவில் கொத்தமல்லியும் அரைக்கீரையும், அடியில் மிளகாய்.

காலையில் ஊற்றினாலும் சாயங்காலத்துக்குள் புதினா வாடிவிடுகிறது. மிளகாய் இலை மஞ்சளாகி உதிர்கிறது, அடிமண்ணைக் கிளறினால் நாற்றம். பலகையின் வெளிப்பக்கம் வெள்ளையாக ஏதோ படிகிறது. பின்சுவரின் சுண்ணாம்புப் பூச்சும் உப்பத் தொடங்கியிருக்கிறது. மாமியாருக்கு அதுதான் பெரிய கவலை. பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில் – தேவகோட்டை
ஆச்சி, செடியில் குறை இல்லை, தண்ணீர் போகும் பாதைதான் தகராறு. மேல்தட்டில் வெயிலும் காற்றும் அதிகம், ஊற்றியதும் கீழே இறங்கியும் விடுகிறது. மூன்று தட்டின் வடிநீரும், அது கரைத்துக்கொண்டு வரும் உப்பும் மிளகாய் வேரில்தான் போய்ச் சேர்கிறது. வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம்.

ஒவ்வொரு தட்டுக்கும் தனியாகத் தண்ணீர் விடுங்கள். வடிவதை அடுத்த தட்டுக்குள் விடாமல், ஓட்டைகளுக்குக் கீழே சாய்வாக ஒரு தகரத் தகடு வைத்து ஓரமாக வாளியில் பிடியுங்கள். செடிகளையும் இடம் மாற்றுங்கள். வறட்சி தாங்கும் கற்பூரவல்லி மேலே, ஈரம் கேட்கும் புதினா கீழே. கீரைக்கு 6 அங்குல மண் போதும், மிளகாய்க்கு ஓர் அடியாவது வேண்டும். அதைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

வெள்ளைப் படிவு உப்பு. போர்த் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? தென்னை நார்க்கழிவு கலந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தால் செடிக்கு அதைவிட நல்லது இல்லை.

பதில் – காரைக்குடி, மரவேலை
சுவரை விட்டு அரை அடியாவது தள்ளி வையுங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஓயாத ஈரம் ஆகாது, பலகையின் முதுகும் காய வேண்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் அளவில் ஒரு தட்டுக்கு 50 லிட்டர் மண் பிடிக்கும், நனைந்தால் ஏறக்குறைய 60 கிலோ. நான்கு தட்டும் சேர்த்தால் தனிச் சட்டத்தில்தான் நிற்க வேண்டும். கரையான் எளிதில் ஏறாமல் இருக்க, கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வையுங்கள். முடிந்தால் தட்டுகளை நேராக அடுக்காமல் கொலுப்படி போலப் பின்வாங்கி அமையுங்கள், கீழ்த்தட்டுக்கும் வெயில் விழும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பலகையில் பழைய பெயிண்ட் இருக்கிறதா?

கானாடுகாத்தான்
அண்ணே, வெளிப்பக்கம் இழைத்துவிட்டார்கள். உள்பக்கம் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, ஈரத்தில் செதில் செதிலாக உரிகிறது. போர்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

பதில் – காரைக்குடி, மரவேலை
அப்படியானால் பிரித்துத்தான் ஆக வேண்டும் ஆச்சி. பழைய பெயிண்டில் நச்சான ஈயம் (லெட்) இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உரிந்த செதில் மண்ணில் கலந்திருக்கும், கீரையை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. அந்தத் தொட்டிக் கீரையைச் சமைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் வேண்டாம். மண்ணையும் வேறு காய்கறிப் பாத்திக்குப் போடக் கூடாது. பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ தீயில் காட்டவோ வேண்டாம், அந்தத் தூசியும் புகையும் இன்னும் மோசம்.

தட்டுகளைத் தாங்கும் சட்டத்தில் பெயிண்ட் இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டு, தட்டுகளுக்கு மட்டும் பெயிண்ட் படாத வேம்பு அல்லது பலாப் பலகை வாங்குங்கள். துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். பேக்கிங் பெட்டிப் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் சூடுகாட்டியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நச்சு வாயுவில் புகையூட்டியது, வேண்டாம்.

கானாடுகாத்தான்
கீரையை இன்றே பிடுங்கிவிடுகிறேன். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்துப் பழைய பலகையையே வைத்துக்கொள்ள முடியாதா?

பதில் – தேவகோட்டை
தாள் கிழிந்தால் வெளியே தெரியாது ஆச்சி. சாப்பிடும் செடிக்கு அந்தப் பலகையே வேண்டாம்.