கனடாவில் பனியாறு பார்க்கப் போகிறோம்: வீட்டுக்காரிக்கு முட்டு வலி, ஒரே நாளில் போய்வர முடியுமா?

குழித்துறை ரப்பர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மகள் கால்கரியில் இருக்கிறாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் நானும் வீட்டுக்காரியும் அங்கே போகிறோம். நாங்கள் விமானம் ஏறும் முன்பே மருமகன் ஒரு பஸ் டூர் பார்த்து வைத்துவிட்டார். காலையில் கால்கரியில் ஏற்றி, பான்ஃப், லேக் லூயிஸ் வழியாக அத்தபாஸ்கா பனியாறு வரை கொண்டுபோவார்களாம். அங்கே ஆள் உயர டயர் வைத்த வேறொரு பஸ்ஸில் ஏற்றிப் பனிக்கட்டியின் மேலேயே இறக்கிவிட்டு, ராத்திரி வீட்டில் கொண்டுவிடுவார்களாம். கைடு கூடவே இருப்பார். இரண்டு பேர் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்தேன். ரப்பர் ஷீட் இன்றைக்கு விற்கிற விலையில் அது எத்தனை கிலோ என்று கணக்குப் போடக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

என் சந்தேகங்கள் இவை. வீட்டுக்காரிக்கு முட்டு வலி. கைப்பிடி இருந்தால் மெதுவாகப் படி ஏறுவாள், இறங்குவதுதான் கஷ்டம். எனக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. குளிர் என்றால் நாங்கள் கண்டது ஒரு தடவை போன ஊட்டியும், மார்கழியில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது அடிக்கிற காற்றும்தான். இது தாங்குமா? மருமகனுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. பஸ்ஸெல்லாம் கிழடுகளுக்கு, காலில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு கைடோடு நடப்போம் என்கிறார். அவருக்கு முப்பத்திரண்டு வயது.

போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சும்மா "சூப்பர்" என்று போட வேண்டாம்.


குளச்சல் ஐஸ் கம்பெனி:

அண்ணாச்சி, நான் போயிருக்கிறேன். எங்களுக்கு லீவு என்றால் அது மீன்பிடித் தடைக்காலம்தான். ஜூன் தொடங்கி ஜூலை முடிய நம் மேற்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கேட்டு ஆள் வராது. அப்படி ஒரு ஜூலையில் மச்சினன் வீட்டுக்குப் போனபோதுதான் அத்தபாஸ்கா பார்த்தேன். ஆயுசு முழுக்க ஐஸ் விற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேலி செய்தார்கள். நான் போனதே அதற்காகத்தான்.

முதலில் தூரம். கால்கரியில் இருந்து அங்கே போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போகவர அறுநூறு தாண்டும், நாகர்கோவிலில் இருந்து மதுரைக்குப் போய்த் திரும்புவதைவிடக் கூடுதல். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டூர் பஸ் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போகும். நாங்கள் போனதில் ஏரிக்கரையில் தாராளமாக நேரம் கொடுத்தார்கள். பனியாற்றுக்கு வந்ததும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார்கள். முட்டு வலிக்காரரை ஒரே நாளில் அத்தனை நேரம் சீட்டில் மடக்கி உட்கார வைப்பதுதான் கஷ்டம், பனிக்கட்டி அல்ல. முடிந்தால் முந்தின ராத்திரி பான்ஃபில் தங்கி அங்கிருந்து கிளம்பும் டூரில் ஏறுங்கள். போகவர இருநூற்றைம்பது கிலோமீட்டர் மிச்சம்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் ரோட்டோரம் பெரிய சென்டர் ஒன்று இருக்கும். கழிவறை, சாப்பாடு எல்லாம் அங்கேதான். அங்கிருந்து சாதாரண பஸ் ஒன்று மேட்டில் கொண்டுபோய் விடும், அப்புறம்தான் ஐஸ் எக்ஸ்ப்ளோரர் என்கிற அந்த ராட்சத வண்டி. 56 பேர் உட்காரலாம். பனியாறு ஒதுக்கித் தள்ளிய கல்மண் மேட்டில் இருந்து 32 சதவீதச் சரிவில் இறங்கும். சரிவின் உச்சியில் வண்டி மூக்கைக் கவிழ்க்கும்போது என் பெண்டாட்டி சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. கீழே ஒரு தண்ணீர்க் குட்டையில் டயரைக் கழுவிவிட்டுத்தான் பனிக்கட்டி மேல் ஏற்றுகிறார்கள், மண் பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும் என்பதற்காக. இதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. நம் துறைமுகத்தில் பார் ஐஸை எங்கே போட்டு இழுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மேலே அரை மணி நேரம்போல விடுவார்கள். கயிறு கட்டிய எல்லைக்குள் நடக்கலாம். வெள்ளை வெளேர் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோடையில் மேல்பரப்பு சாம்பல் நிறமாக, தூசியும் பொடிக்கல்லுமாக இருக்கும். நிறைய பேர் செல்ஃபி எடுத்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். வெடிப்புக்குள்ளும், உருகிய தண்ணீர் ஓடிச் செதுக்கிய வாய்க்காலிலும் நீலம் தெரியும். எங்கள் ஐஸில் அது வரவே வராது. நாங்கள் கேனில் தண்ணீர் ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறோம். ஓரத்தில் இருந்து உள்நோக்கி உறையும்போது தண்ணீரில் இருந்த காற்றெல்லாம் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். பாரின் நடுவே வெள்ளைத் தண்டு ஒன்று நிற்கிறதே, அது காற்று. பனியாறு அப்படி உண்டாவதில்லை. பனி மேல் பனி விழுந்து, வருஷக்கணக்கில் கனம் ஏறி, அந்த அழுத்தத்திலேயே கட்டியாகிறது. காற்றில் பெரும்பகுதி பிதுங்கி வெளியே போய்விடும், மிச்சமும் நசுங்கிச் சின்னக் குமிழியாகிவிடும். வெளிச்சம் உள்ளே ஆழமாகப் போக, சிவப்பை ஐஸ் விழுங்கி நீலத்தை விட்டுவிடுகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் காலுக்குக் கீழே நூறு மீட்டருக்கு மேல் ஐஸ் இருக்கும்.

அது நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. மேலே உள்ள கொலம்பியா பனிவெளியில் இருந்து தன் கனத்தாலேயே வழிந்து வந்துகொண்டிருக்கிறது. வருகிற ஐஸைவிடக் கீழ் முனையில் உருகுவது அதிகம் என்பதால் முனை பின்வாங்குகிறது. நூற்றிருபத்தைந்து வருஷத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டதாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முனையை நோக்கி ஒரு நடைபாதை உண்டு, எந்த வருஷம் ஐஸ் எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள். பஸ் டிக்கெட்டைவிட எனக்கு அந்தப் பாதைதான் பிடித்தது. காசும் கிடையாது. டூரில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. கைடிடம் முன்னாலேயே கேளுங்கள்.

இன்னொன்று. மேலே ஸ்னோ டோம் என்று ஒரு சிகரத்தைக் காட்டி, அதில் விழும் பனி உருகி பசிபிக், ஆர்க்டிக், அட்லாண்டிக் என மூன்று பக்கமும் பிரிந்து போகிறது என்று கைடு சொன்னார். மூன்று கடல் என்றதும் நான் "எங்கள் ஊரிலும்" என்று ஆரம்பித்தேன். மகள் என் கையைக் கிள்ளிவிட்டாள்.


அருமனை எக்ஸ்-சர்வீஸ்:

லட்சக்கணக்கில் செலவழித்துக் கனடாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமா? நம் நாட்டிலேயே, லடாக்கில் கார்கிலில் இருந்து பதும் போகிற ரோட்டில், பென்சி லா கணவாயில் வண்டியை நிறுத்தினால் திராங்-துருங் பனியாறு கண்ணெதிரே படுத்துக் கிடக்கும். டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது.

ஆனால் பிரஷர் மாத்திரை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணவாய் 4,400 மீட்டர். லே நகரமே 3,500. இரண்டு நாள் சும்மா படுத்து உடம்பைப் பழக்காமல் அங்கே ஏறினால் தலைவலி, வாந்தி, அதற்கு மேலும் வரும். வாட்டசாட்டமான பையன்கள் முதல் ராத்திரியே சுருண்டதைப் பார்த்திருக்கிறேன். அத்தபாஸ்காவில் பஸ் நிற்கும் இடம் 2,200 மீட்டர் அளவில்தான், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஊட்டியில் மூச்சு வாங்கவில்லை என்றால் அங்கேயும் வாங்காது. ஆகவே உங்கள் கேஸில் கனடாவே நல்லது, மேலே நான் சொன்ன வசனத்தை மறந்துவிடுங்கள்.

மருமகனிடம் ஒன்று சொல்லுங்கள். கைடோடு நடப்பது நல்ல விஷயம், வயதும் இருக்கிறது, போகட்டும். மூன்று மணி நேரமாவது ஆகும், முள் அவர்களே தருவார்கள். கைடு இல்லாமல் கயிற்றைத் தாண்டி ஓரடி வைக்கக் கூடாது. பனியாற்றில் வெடிப்பு திறந்து கிடந்தால் ஆபத்து குறைவு, கண்ணுக்குத் தெரியும். மேலே புதுப்பனி மூடியிருக்கும் வெடிப்புதான் ஆளைக் கொல்லும். அடியில் போகப் போகக் குறுகும், விழுந்தவன் ஆப்பு அடித்த மாதிரி சிக்கிக்கொள்வான். மேலிருந்து ஆள் இறங்கி எடுக்கும் முன்பே குளிர் முடித்துவிடும். இதனால்தான் பட்டாளத்தில் நாங்கள் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் கால் வைப்போம்.

பஸ்ஸிலும் பெல்ட் இருந்தால் போடுங்கள். 2020 ஜூலையில் அந்த ராட்சத வண்டிகளில் ஒன்று சரிவில் உருண்டு மூன்று பேர் இறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக ஓடும் வண்டிதான், ஆனால் பெல்ட் பெல்ட்தான்.


முட்டம் கப்பல் குசினி:

நான் அலாஸ்கா பக்கம் ஓடும் சொகுசுக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். ஹப்பர்டு பனியாற்றுக்கு முன்னால் கப்பலை நிறுத்துவார்கள். கடலுக்குள்ளேயே ஒன்பது பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஐஸ் சுவர். துண்டு இடிந்து விழுந்தால், முதலில் விழுவது தெரியும், சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். எல்லாம் சுருங்குகிறது என்கிறார்கள், அது மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக முன்னே வந்திருக்கிறது. சரி, இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

குளிரைப் பற்றிச் சொல்கிறேன். ஐஸ் பக்கத்தில் வெயில் அடித்தாலும் காற்று தனி. ஐஸ் மேலுள்ள காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் இறங்கி வரும். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஸ்வெட்டரே அதிகமாகத் தோன்றும், மேலே போனால் காது விறைக்கும். தொப்பி காதை மூட வேண்டும். மப்ளர் கொண்டுபோங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.


தக்கலை நர்ஸ், இப்போது கால்கரி:

அங்கிள், செப்டம்பர் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் மலையே தெரியாது. 2024 ஜூலையில் பனியாற்றுக்கு வடக்கே உள்ள ஜாஸ்பர் ஊரின் ஒரு பகுதியே எரிந்துபோனது. ஆனால் செப்டம்பரில் திடீரென்று பனி விழலாம், அதற்கும் தயாராக வாருங்கள். அந்த ராட்சத பஸ் அக்டோபரில் நிறுத்திவிடுவார்கள், நீங்கள் வரும்போது ஓடும்.

ஆன்ட்டிக்குச் சேலை வேண்டாம். உள்ளே தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். ஊரில் வாங்க வேண்டாம், இங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும். மகளிடம் சொல்லுங்கள். பருத்திச் சாக்ஸ் போட்டால் நனைந்ததும் கால் மரத்துப்போகும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டு வரும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். ஆன்ட்டி கைத்தடி கொண்டுவரட்டும். ஐஸ் மேல் ஈரமாக வழுக்கும், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம் நிற்கலாம். பஸ் படி செங்குத்து, முதலில் ஏறி முன் சீட்டைப் பிடியுங்கள். பலகை வைத்த அந்த நடைபாதை கடைசியில் ஏற்றம், ஆன்ட்டி முதல் பலகைகளோடு நிற்கட்டும்.

லேக் லூயிஸைத் தாண்டினால் வழியில் போன் சிக்னல் பெரும்பாலும் கிடையாது. பிரஷர் மாத்திரை பெட்டியில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். வரும் முன்பே மருத்துவ இன்சூரன்ஸ் எடுங்கள். விசிட்டராக வந்து விழுந்து எலும்பு முறிந்தால் பில்லைப் பார்த்து நெஞ்சு வலியும் சேர்ந்து வரும், நான் தினமும் பார்க்கிறேன். சாப்பாடு அந்தச் சென்டரில் விலை அதிகம். புளிச்சோறும் ஏத்தங்காய் சிப்ஸும் கட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வெளியே எங்கேயும் மிச்சத்தை விட்டு வராதீர்கள், கரடி நடமாடும் இடம்.


குழித்துறை ரப்பர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பான்ஃபில் ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவாகிவிட்டது, மருமகன் மாற்றிவிட்டார். அவர் மட்டும் கைடோடு நடைக்குப் போவார், நாங்கள் பஸ். கண்ணாடித் தரை போட்ட பாலம் ஒன்றும் அதே டிக்கெட்டில் வருகிறதாம். 280 மீட்டர் பள்ளத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்று கேட்டதும் வீட்டுக்காரி திற்பரப்பு அருவிக்கு மேலேயே எட்டிப் பார்க்காதவள் நான் என்று சொல்லிவிட்டாள். அது இல்லாமல் டிக்கெட் கிடைக்குமா?

குளச்சல் தம்பி, உருகி ஓடுகிற தண்ணீரைக் குடிக்கலாமா? பாட்டிலில் பிடிக்கிற மாதிரி வீடியோவில் பார்த்தேன்.


குளச்சல் ஐஸ் கம்பெனி:

பாலம் 2014இல் திறந்தது, பனியாற்றில் இருந்து கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் இருக்கிறது. டிக்கெட் சேர்த்து வந்தாலும் ஆன்ட்டி பாலத்துக்குப் போகாமல் இருந்துகொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அங்கே பனியாறு பெரிதாகத் தெரியாது, பள்ளத்தாக்குதான்.

தண்ணீர் நான் குடித்தேன். கைடு காட்டிய வாய்க்காலில் மட்டும் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பல் கூசும். உங்களுக்கு வேண்டுமானால் ஒரு மடக்கு, ஆன்ட்டிக்கு பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள்.