கிமாயில் 40 மணித்தியாலம், எலாஸ்டிக்சர்ச்சில் 38: எதை வைத்துச் சம்பளம் போடுவது?

டிக்கோயா_அலுவலர்:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களின் வேலை நேரத்தைக் கிமாய் மென்பொருளில் பதிகிறோம். முகாமையாளர் கொழும்பில் ஓரிடத்தில் எலாஸ்டிக்சர்ச் தரவை வரைபடமாகக் காட்டும் கிபானாத் திரையைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் போன்ற வரைபடங்கள் நமக்கும் வேண்டும் என்றதால், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளையும் நிறுவிப் பதிவுகளை அதற்குள் அனுப்பத் தொடங்கினேன். இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவரவில்லை. எலாஸ்டிக்சர்ச் எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. இரண்டில் எது சிறந்தது? கிமாயை நிறுத்திவிடலாம் என்று முகாமையாளர் சொல்கிறார். சம்பளப் பட்டியல் நாளை போக வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஊவா_நிரலர்:
எத்தனை பேருடைய பதிவுகள், எவ்வளவு குறைகிறது, எந்த வழியாக அனுப்புகிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் எவராலும் உதவ முடியாது. கிமாயின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிலிருந்து தரவு எடுக்கும் வாசல்) வழியாக எடுக்கிறீர்கள் என்றால், அது பதிவுகளைப் பக்கம் பக்கமாகத்தான் தரும். முதற்பக்கத்தோடு நின்றுவிட்டால் தொகை குறையத்தான் செய்யும்.

நானுஓயா_பனி:
இது நேர வலயப் பிரச்சினை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எலாஸ்டிக்சர்ச் திகதிகளை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், முதலாம் திகதி அதிகாலையில் தொடங்கிய வேலை போன மாதக் கணக்கில் போய் விழும். இலங்கை 1996இல் கடிகாரத்தை இரண்டு தடவை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது என்பதையும் மறக்க வேண்டாம். பழைய நேர வலயத் தரவு உள்ள கணினிகளில் இந்தக் குழப்பத்தை நானே பார்த்திருக்கிறேன்.

மூத்த_நிர்வாகி:
தம்பி, கேள்வியே பிழையாக இருக்கும்போது விடை சரியாக வராது. எலாஸ்டிக்சர்ச் என்பது ஷே பானன் 2010இல் வெளியிட்ட, லூசீன் என்ற நிரல் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட தேடல் மற்றும் பகுப்பாய்வு இயந்திரம். கோடிக்கணக்கான ஆவணங்களுக்குள் ஒரு சொல்லை நொடிக்குள் கண்டுபிடிப்பதும், அவற்றைத் தொகுத்து எண்ணிக் காட்டுவதும் அதன் வேலை. கிமாய் என்பது யார், எந்த வாடிக்கையாளருக்காக, எப்போது தொடங்கி எப்போது முடித்தார் என்பதை மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எழுதி வைக்கும் பதிவேடு. இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர், எதையும் நிறுவுவதற்கு முன்னர் அடிப்படை ஆவணங்களை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

கொட்டகலை_வாசி:
படித்துவிட்டு வா என்று சொல்வது உதவியாகாது. இந்தப் பக்கம் காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் எத்தனை தடவை போகிறது என்பது நமக்குத் தெரியும். பதிவுகள் போய்ச் சேருவதற்குள் சேர்வர் அணைந்திருக்கும். யூபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊவா_நிரலர்:
மின்வெட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. எலாஸ்டிக்சர்ச் வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு கோரிக்கையையும் டிரான்ஸ்லாக் கோப்பில் எழுதி வட்டில் சேர்த்த பின்னரே 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் தரும். அந்தப் பதில் வந்த பதிவு மின்சாரம் போனதால் மறையாது.

டிக்கோயா_அலுவலர்:
14 பேர். ஒரே சேர்வர், 8 ஜிபி நினைவகம். ஏபிஐயில் எடுத்து, பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்றால் அனுப்புகிறேன். பதிவுகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது, தொகைதான் குறைகிறது.

பதுளை_மலர்:
எண்ணிக்கை சரியாக இருந்து தொகை மட்டும் குறைகிறது என்றால், எந்தப் பதிவும் காணாமற்போகவில்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ கழிகிறது என்றுதான் பொருள். ஒரேயொரு ஊழியரின் ஒரு வாரத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு நாளின் எண்ணையும் அப்படியே இங்கே போடுங்கள். பெயர் வேண்டாம்.

டிக்கோயா_அலுவலர்:
திங்கள் 8, செவ்வாய் 7.5, புதன் 8.25, வியாழன் 7.75, வெள்ளி 8.5. கிமாயில் 40 வருகிறது. கிபானாவில் 38. ஆனால் எலாஸ்டிக்சர்ச்சில் செவ்வாய்க்கிழமை ஆவணத்தைத் தனியாகத் திறந்து பார்த்தால் 7.5 என்றே இருக்கிறது.

நானுஓயா_பனி:
திங்கட்கிழமைப் பதிவு ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிருக்கலாம்.

பதுளை_மலர்:
இல்லை, ஒரு நாளே இடம் மாறியிருந்தால் எட்டு மணித்தியாலம் குறைந்திருக்கும். தசமத்தை நீக்கிவிட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்: 8, 7, 8, 7, 8. சரியாக 38.

நடந்தது இதுதான். கிமாய் நேரத்தை நொடிகளில் தருகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அதை 3600ஆல் வகுத்திருக்கும். எட்டு மணித்தியாலத்தின் நொடிகளான 28800ஐ அப்படி வகுத்தால் பிஎச்பியில் முழு எண்ணான 8 கிடைக்கும், அது 8.0 ஆகாது. இண்டெக்ஸ் என்ற ஆவணத் தொகுப்பில் நுழைந்த முதற்பதிவு அவ்வாறு முழு எண்ணாக இருந்ததால், எலாஸ்டிக்சர்ச் தானாகவே அந்தப் புலத்தை 'லாங்' என்ற முழு எண் வகையாக மேப்பிங் செய்துவிட்டது, அதாவது வகை குறித்துவிட்டது. பின்னால் வந்த 7.5ஐ அது மறுப்பதில்லை. 'கோயர்ஸ்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்குவதால், தசமப் பகுதியை வெட்டி 7ஐ மட்டும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அனுப்பிய மூல ஆவணத்தை மாற்றாமல் வைத்திருப்பதால், திறந்து பார்ப்பவருக்கு 7.5 என்று தெரிகிறது. கூட்டல் மட்டும் உள்ளே வெட்டி வைத்த எண்ணில் நடக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதே இதில் எனக்குப் பெரிய கவலை.

ஏற்கெனவே உள்ள புலத்தின் வகையை மாற்ற முடியாது. 'டபிள்' என்ற தசம எண் வகை என்று முன்கூட்டியே குறிப்பிட்ட புதிய இண்டெக்ஸ் ஒன்றை உருவாக்கி, பழையதிலுள்ள ஆவணங்களை அதற்குள் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள், அதாவது மீண்டும் ஏற்றுங்கள். மூல ஆவணங்கள் முழுமையாக இருப்பதால் கிமாயிலிருந்து மீண்டும் எடுக்கத் தேவையில்லை. அதைவிடச் சிறந்த வழி, வகுக்காமல் நொடிகளை அப்படியே முழு எண்ணாக அனுப்பிவிட்டு, காட்டும்போது மட்டும் மணித்தியாலமாக மாற்றுவது.

மூத்த_நிர்வாகி:
மலர் சொன்னது சரி. கிமாயிலும் நேரத்தை வட்டமாக்கும் விதிகள் உண்டு என்பதால் அந்த அமைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு சிரமத்துக்கு 14 பேர் உள்ள அலுவலகத்தில் அவசியமே இல்லை. மரியாடிபியில் ஒரு வரி எஸ்க்யூஎல் வினவல் எழுதினால் முடிகிற வேலை இது. 8 ஜிபியில் பாதியை எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஜாவாவுக்குக் கொடுத்துவிட்டு மற்ற வேலைகளை எப்படிச் செய்வீர்கள்?

ஊவா_நிரலர்:
வரைபடம் பார்க்க விரும்புவது குற்றமல்ல. நினைவகம் கவலை என்றால் ஜாவா ஹீப்பை, அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகத்தை, குறைத்து வைக்கலாம். உரிமம் பற்றி யோசிப்பவர்கள் ஓப்பன்சர்ச்சைப் பயன்படுத்தலாம். 2021இல் எலாஸ்டிக் நிறுவனம் தன் உரிமத்தை மாற்றியபோது எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்து வந்தது அது, இன்றும் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்திலேயே இருக்கிறது.

மூத்த_நிர்வாகி:
2024இல் எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமமும் சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஊவா_நிரலர்:
பழைய சண்டை அல்ல. ஒருமுறை மாற்றியவர்கள் மறுமுறையும் மாற்றலாம் என்ற அச்சம் நியாயமானது. ஓப்பன்சர்ச்சிலும் இதே மேப்பிங் நடத்தை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கொட்டகலை_வாசி:
உரிமத்தை விடுங்கள், இது மனிதர்களின் சம்பளம். என் தாயார் கொழுந்து பறித்தவர். நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று எடுத்துவிட்டு, கிலோ குறைந்தது என்று செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை என்று போடுவார்கள். எட்டேகால் மணித்தியாலம் வேலை செய்தவருக்கு எட்டு என்று ஒரு கணினி எழுதுவதும் அதே கழிவுதான். கிமாயை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

பதுளை_மலர்:
அதை முழுமையாக ஏற்கிறேன். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது எல்லை. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். தசமம் வெட்டப்பட்டால் புதனும் வெள்ளியும் வெறும் எட்டாகிவிடும். அந்த ஊழியருக்கு மேலதிக நேரம் என்று ஒன்று இருந்ததே திரையில் தெரியாது. கிமாயில் ஏற்றுமதி செய்து முடித்த பதிவுகளைச் சாதாரணப் பயனர் திருத்த முடியாதபடி பூட்டலாம். எலாஸ்டிக்சர்ச்சில் அதே அடையாள எண்ணோடு வேறோர் ஆவணம் வந்தால் பழையது சத்தமின்றி மாற்றி எழுதப்படும். ஆகவே கிமாய் மூலப் பதிவேடாகவே இருக்கட்டும், கிபானா பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும் என்று முகாமையாளரிடம் சொல்லுங்கள். போன மாதங்களின் சம்பளம் எந்தத் திரையைப் பார்த்துப் போடப்பட்டது?

டிக்கோயா_அலுவலர்:
ரீஇண்டெக்ஸ் செய்தேன், 40 வருகிறது. மிக்க நன்றி, மலர் அக்கா. நாளைய பட்டியலைக் கிமாயிலிருந்தே எடுக்கிறேன்.

பதுளை_மலர்:
நல்லது. போன மாதங்களைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லுங்கள் தம்பி.