ஃபில்லர் போட்ட உதட்டில் கொப்புளம்: ஹெர்பிஸா, ரத்தக்குழாய் அடைப்பா?

தோல் மருத்துவர்:
உதட்டுக்கு ஃபில்லர் (உப்பலாகக் காட்ட ஊசியால் ஏற்றும் ஜெல்) கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி இதுதான்: காய்ச்சலோ கடும் வெயிலோ பட்டால் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமா? வருமென்றால் ஹெர்பிஸ் வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கியிருக்கிறது; ஊசிக் காயமே அதைக் கிளப்பிவிடலாம். வழக்கமாகக் கொடுப்பது வைரஸை அடக்கும் வாலசைக்ளோவிர் மாத்திரை 500 மி.கி., தினம் இருவேளை, ஊசிக்கு முந்தின நாளோ அன்றோ ஆரம்பித்து 3 முதல் 5 நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவு மாறும், கடையில் நாமாக வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை. புண் இருக்கும்போதே வந்தால் பொருக்கு உதிர்ந்து ஆறும்வரை ஊசி கிடையாது.

கிளினிக் செவிலியர்:
ஹெர்பிஸைவிட, ஹெர்பிஸ்தான் என்று நினைத்து ரத்தக்குழாய் அடைப்பைத் தவறவிடுவதுதான் ஆபத்து. ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தாலும் இரண்டு மூன்று நாளில் சீழ்க்கொப்புளம் வரும். ஆனால் அதற்கு முன்பே தோல் வெளிறியிருக்கும், பிறகு வலை பின்னியதுபோல் நீலம் பாரிக்கும். விரலால் அழுத்தி எடுங்கள்: நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்படணும். நிறம் மாறிய தடம் மேலுதட்டிலிருந்து மூக்கோரம் ஏறும். ஹெர்பிஸில் முதலில் குறுகுறுப்பு, எரிச்சல், அப்புறம் நீர் கோத்த சிறு கொப்புளங்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்கக்கூடாது; ஃபில்லரிலேயே லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்திருக்கும், மரத்துப்போயிருக்கும்.

தோல் மருத்துவர்:
ஆமாம். அடைப்பு என்றால் ஹயலுரோனிடேஸ் (ஃபில்லரைக் கரைக்கும் நொதி ஊசி), அதுவும் உடனே. நூற்றுக்கணக்கான யூனிட்டுகள், நிறம் திரும்பாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி. 1500 யூனிட் குப்பி கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே கூடாது என்பேன். ஹயலுரோனிக் அமில ஃபில்லரைத்தான் அது கரைக்கும், கால்சியம் வகையை அல்ல. அதனால் போட்ட பொருளின் பெயரையும் பேட்ச் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

மருந்தாளுநர்:
கொரோனா தடுப்பூசி போட்டால் ஃபில்லர் வீங்குமா என்றும் கேட்கிறார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட்டத்தில், மாடர்னா தடுப்பூசிச் சோதனையில் ஃபில்லர் போட்டிருந்த மூவருக்கு முகமோ உதடோ வீங்கியது பதிவானது; மூவருக்கும் வடிந்துவிட்டது. ஃப்ளூ, கொரோனா காய்ச்சலுக்குப் பிறகும், போட்டுப் பல மாதம் ஆன ஃபில்லர் திடீரென வீங்குவதுண்டு. எதிர்ப்பாற்றல் முடுக்கப்படும்போது அந்த ஜெல்லையும் சீண்டுகிறது. இதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஃபில்லருக்கும் அதற்கும் ரெண்டு வாரமாவது இடைவெளி விடலாம். வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் அது வேறு, நேரே அவசரப் பிரிவு.