குடும்பக் குழு: தம்பியின் விபத்தும் வரைபடத்தில் ஒரு புள்ளியும்

அத்தை, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். தம்பிக்குக் காலில் தகடு வைத்துச் செய்த அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டான். எனக்கு வேறொரு கவலை இருக்கிறது, அண்ணா. விபத்தன்று வந்த ஏட்டு காகிதத்தில் ஒரு வரிகூட எழுதியதாகத் தெரியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்தார், அதிலேயே விவரங்களைத் தட்டினார், போய்விட்டார். வழக்கு முறையாகப் பதிவாகியிருக்குமா?

பெரியப்பா, காலை 7:34
கவலைப்படாதே அம்மா. இப்போது முறையே அதுதான். நான் காவல் பணியில் இருந்தபோது சம்பவ இடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பி, படிவத்தை நிரப்பி, அதன்பிறகே ஆர்.ஏ.டி.எம்.எஸ். என்ற மாநில மென்பொருளில் ஏற்றுவோம். அதன் இடத்தில் இப்போது ஐராட் வந்திருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக, உலக வங்கியின் நிதியுதவியுடன், சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய தரவுத்தளம் அது. 2021இல் முதலில் நடைமுறைப்படுத்திய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் செயலியில் இடத்தையும் வாகனங்களையும் காயமடைந்தவர்களையும் படங்களுடன் பதிந்ததும் விபத்துக்கென்று தனி எண் உருவாகும். அந்த ஒரே எண்ணின் கீழ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்த அறிக்கையும், நெடுஞ்சாலைப் பொறியாளர் சாலையைப் பார்த்து எழுதுவதும், மருத்துவமனை தரும் காய விவரமும் வந்து சேர வேண்டும். எங்கள் காலத்தில் இந்த நான்கு துறைகளின் காகிதங்களும் நான்கு மேசைகளில் கிடக்கும். அவற்றை ஒன்றுசேர்க்க, காயம்பட்டவரின் வீட்டார்தான் அலைவார்கள்.

நான், காலை 7:52
2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் காலக்கெடுவும் சொல்லியிருக்கிறார்கள், அத்தை. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நம்முடைய உரிமைகளை விளக்கும் படிவத்தைப் பத்து நாட்களுக்குள் நம் கையில் தர வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாட்கள், விரிவான அறிக்கைக்கு 90 நாட்கள். அந்த விரிவான அறிக்கையை இணையவழியில் கொண்டுபோவதற்காகத்தான் ஐராட்டுடன் இ-டார் என்ற பகுதியைச் சேர்த்தார்கள்.

அத்தை, காலை 8:05
மருத்துவமனையிலும் 48 மணி நேரம் என்றார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

சித்தி, காலை 8:11
இல்லை. அங்கே சொன்னது நம் மாநில அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்குட்பட்டு, அரசே ஏற்பது அது. காவல் துறையின் 48 மணி நேரம் வேறு. ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலை, பத்திரமாக வைத்திருங்கள். எத்தனை செயலிகள் வந்தாலும், அவசரப் பிரிவில் தம்பியைப் பார்த்த மருத்துவர் முதலில் எழுதிய அந்தத் தாளில் நேரமும் காயமும் எப்படி இருக்கின்றனவோ, அவற்றுடன் மற்றவை ஒத்துப்போக வேண்டும்.

அண்ணன், காலை 11:20
நிலையத்துக்குப் போய் முதல் விபத்து அறிக்கையின் நகலை வாங்கிவிட்டேன். வண்டி எண், நேரம், பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் விபத்து நடந்த இடம் மருத்துவமனைச் சாலை என்று பதிவாகியிருக்கிறது. நடந்ததோ ஏரிக்கரைத் திருப்பத்தில். நான்கு கிலோமீட்டர் தள்ளி.

பெரியப்பா, காலை 11:41
இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஏட்டு அங்கே படங்களை எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு வந்த பிறகு பதிவைத் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கைப்பேசி எங்கே இருந்ததோ அந்த இடத்தையே செயலி எடுத்துக்கொண்டிருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரத்தம் வழியப் பையன் கிடக்கும்போது முதலில் ஆம்புலன்ஸில் ஏற்றியவர் அவர். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி எல்லாவற்றுக்கும் இடையில் இந்தப் பதிவையும் அதே ஆட்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் புள்ளி தவறினால் நெடுஞ்சாலைப் பொறியாளர் தவறான இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, சாலையில் குறையில்லை என்று எழுதிவிடுவார். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞரும், இடத்தையே மாற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்பார்.

அத்தை, நண்பகல் 12:02
அந்தத் திருப்பத்தில் விளக்கே இல்லை, அண்ணா. இந்த ஆண்டு தம்பிக்கு முன்பே இரண்டு பேர் அங்கே அடிபட்டுக் கிடந்தார்கள் என்று பூக்கடை அம்மா சொன்னார்.

நான், நண்பகல் 12:15
அப்படியென்றால் இது தம்பியின் வழக்கோடு முடிகிற செய்தி இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அதைக் கரும்புள்ளி என்று கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒரு விபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் ஏரிக்கரையின் கணக்கில் ஒன்று குறையும். 2022இல் மட்டும் நம் மாநிலத்தில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம்; இறந்தவர்கள் 17,884 பேர். இவ்வளவு பேர் அடிபட்ட பிறகு, எந்த இடத்தில் அடிபட்டார்கள் என்பதையாவது நாம் சரியாக எழுதிவைக்க வேண்டாமா?

பெரியப்பா, நண்பகல் 12:38
சரியாகச் சொன்னாய். விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு எழுது. விபத்து எண், முதல் தகவல் அறிக்கை எண், சரியான இடம், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பார்வை மகசரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடத்திலும் உள்ள இடத்தோடு இணையப் பதிவையும் ஒத்துப்பார்த்துத் திருத்தும்படி கேள். விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள். விளக்கில்லாததை நெடுஞ்சாலைத் துறைக்குத் தனியாக எழுதலாம்.

அண்ணன், நண்பகல் 12:50
மாலையில் ஏரிக்கரைக்குப் போய், கல்லின் எண் தெரியும்படி படம் எடுத்து இங்கே அனுப்புகிறேன்.

பெரியப்பா, நண்பகல் 12:53
இருட்டிய பிறகும் ஒரு படம் எடு. நாளை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு நானும் வருகிறேன்.