அப்பாவின் உலர் எடையும் நான்கு மின்முனைகளும்

வைகைக்கரை:

என் தந்தை வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மிகுதியாகப் புழங்கிய சொல் 'டிரை வெயிட்', அதாவது உலர் எடை. உடலில் தேங்கிய மிகை நீர் முழுவதும் வெளியேறிய பின் இருக்க வேண்டிய எடை அது. வரும்போது அதைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறாரோ, அத்தனை லிட்டரை இயந்திரம் நான்கு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடும். கேட்பதற்கு எளிய கழித்தல் கணக்குதான். ஆனால் அந்த உலர் எடையை எந்தத் தராசும் காட்டாது. கணுக்காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, இரத்த அழுத்தம் எங்கே நிற்கிறது என்பவற்றை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

தந்தைக்கு 58 கிலோ என்று குறித்திருந்தார்கள். சென்ற ஆண்டு இரண்டு மாதம் அவருக்குச் சாப்பாடு செல்லவில்லை. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எடை மட்டும் 58-லேயே நின்றதால் நாங்களும் கவலைப்படவில்லை, டயாலிசிஸ் பிரிவிலும் எவரும் அந்த எண்ணை மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. கரைந்த சதையின் இடத்தை நீர் நிரப்பிக்கொண்டிருந்தது என்பது, ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவர் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறியபோதுதான் புரிந்தது.

அதன் பிறகு, வேறொரு மருத்துவர் சொல்லி, உடல் நீரை மின்சாரத்தால் அளக்கும் சோதனையைச் செய்தார்கள். மல்லாந்து பத்து நிமிடம் அசையாமல் படுக்க வைத்தார்கள். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இருந்ததால் வலது கையில் இரண்டு, வலது பாதத்தில் இரண்டு என நான்கு மின்முனைகளை ஒட்டினார்கள். தொடைகள் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மடித்த துண்டு வைத்து, கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்தார் டெக்னீஷியன். உலோகம் எதுவும் வேண்டாம் என்று இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணையும் கழற்றச் சொன்னார். "கரண்டு அடிக்குமா தம்பி?" என்று தந்தை கேட்டார். "மெஷின் ஓடுதுன்னே உங்களுக்குத் தெரியாதுங்கய்யா" என்று அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அளவு எடுத்தாகிவிட்டது.

அன்று வந்தபோது எடை 60.2 கிலோ, கருவி காட்டிய மிகை நீர் 4.6 லிட்டர். அப்படியானால் உண்மையான உலர் எடை 55.6-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 58-க்கு இறக்கிவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்கு அழைத்து வந்த நாள்களில், ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீரை அவர் உடலில் சுமந்துகொண்டே வந்திருக்கிறார். ஒரேயடியாக இறக்கினால் அழுத்தம் விழும், கெண்டைக்கால் இழுக்கும் என்பதால், ஆறு வாரங்களில் சிறிது சிறிதாக 56-க்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு தலையணையில் தூங்குகிறார். இந்தச் சோதனையைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

பழைய டெக்னீஷியன்:

பதினான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அந்தக் கருவி நீரை அளப்பதில்லை. உடல் மின்னோட்டத்திற்குக் காட்டும் தடையைத்தான் அளக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது. ஆகவே நீர் கூடினால் தடை குறையும். உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வரும் எண் மொத்த உடல் நீரோடு நெருங்கிப் பொருந்துகிறது என்று 1969-இலேயே ஹாஃபர் குழுவினர் காட்டினார்கள். மற்றவை எல்லாம் அதன்மேல் கட்டிய சமன்பாடுகள்.

செலுத்தும் மின்னோட்டம் பொதுவாக 800 மைக்ரோஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் மாறுதிசை மின்னோட்டம். பழைய கருவிகள் 50 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்தன. டயாலிசிஸ் பிரிவுகளுக்கென வந்த கருவிகள் 5 முதல் 1000 கிலோஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில் அளக்கின்றன. செல்லின் சவ்வு ஒரு சிறு மின்தேக்கி போல நடந்துகொள்வதால், குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்லுக்குள் புகாமல் வெளியே உள்ள நீர் வழியாகவே சுற்றிச் செல்லும். அதிர்வெண் ஏற ஏற உள்ளேயும் ஊடுருவும். இந்த வேறுபாட்டிலிருந்துதான் செல்லுக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று பிரிக்க முடிகிறது. உங்கள் தந்தையைப் போன்றவர்களிடம் தேங்குவது வெளியே உள்ள நீர். டயாலிசிஸுக்கு முன் அதில் 15 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ இரண்டரை லிட்டர், மிகையாக இருப்பதைக் கவனிக்க வேண்டிய எல்லை என்று கொள்வோம். 4.6 என்பது அதைவிட மிக அதிகம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்மாவுக்கு மூன்று முறை அளந்தும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. கருவி பழுது என்று புகார் எழுதப் போனேன். பிறகுதான் பார்த்தேன், கை கால் முழுவதும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். மின்முனை தோலில் சரியாகப் படியவே இல்லை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்த பின் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக வந்தன.

வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களிடம் இந்தக் கருவியை நம்பி ஏமாறக் கூடாது. உடல் எடையில் ஏறத்தாழப் பாதி நடு உடம்பில் இருந்தாலும், அது குட்டையும் பருமனுமான கடத்தி என்பதால் மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே தருகிறது. மெலிந்து நீண்ட கை கால்களே தடையின் பெரும்பகுதி. வயிற்றுக்குள் இருக்கும் மூன்று லிட்டரைக் கருவி பெரும்பாலும் காணாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு நாங்கள் இதைச் செய்வதில்லை. டயாலிசிஸ் முடிந்த உடனேயும் அளப்பதில்லை, நீர் இடம் மாறி நிலைகொள்ள அரை மணி நேரமாவது வேண்டும்.

விடியல் ஓட்டம்:

எனக்கு நோய் ஏதும் இல்லை, நீண்டதூரம் ஓடுபவன். நீரிழப்பைக் கண்காணிக்கலாம் என்று, வெறுங்காலோடு ஏறி நின்றால் கால் வழியே மின்னோட்டம் செலுத்தி உடல் நீரையும் காட்டும் வீட்டு எடைக்கருவி ஒன்றை வாங்கினேன். சித்திரை மாதத்தில் ஒருநாள் 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஏறினால், எடை 1.6 கிலோ குறைந்திருந்தது, உடல் நீர் விழுக்காடோ கூடியிருந்தது! பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர் மேலே எழுதியதைப் படித்தபோது காரணம் விளங்கியது: தோல் சூடேறி, இரத்த ஓட்டம் பெருகி, உள்ளங்கால் வியர்வையில் நனைந்திருந்ததால் தடை குறைந்திருக்கிறது, கருவி அதை நீர் என்று எண்ணிவிட்டது.

மற்றொரு நாள் வேண்டுமென்றே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். கூடிய ஒரு கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் சேர்த்துக் காட்டியது. ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும் மின்னோட்டத்திற்கு, இரைப்பையில் இருக்கும் தண்ணீர் எப்படித் தெரியும்? இப்போது ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடையை மட்டும் பார்க்கிறேன். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை என்ற பழைய கணக்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

வைகைக்கரை:

எண்ணெய் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. கெண்டைக்கால் இழுக்கிறது என்று என் தாயார் இரவுதோறும் தந்தைக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறார். இரண்டாம் முறை அளந்தபோது எண் சற்றுக் குழப்பமாக வந்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த அளவு வரும் புதன்கிழமை. செவ்வாய் இரவு எண்ணெய் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அரைஞாணை மட்டும் அங்கே போய்க் கழற்றிக்கொள்கிறேன் என்று தந்தை அடம்பிடிக்கிறார்.